புது இலையைப் பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து வந்த கடித உறை ஒன்றில் கடிதத்தோடு ஒரு மரவள்ளி இலையும் இருந்தது. அதைப் பிரித்து மேசையில் வைத்த நேரத்திலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்தும் பம்பலப்பிட்டியிலிருந்தும் செடிகளைப் பற்றியே பல கேள்விகள் வந்திருந்தன. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, இம்முறை பகுதி முழுவதையும் அந்த இலைக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில், பெயின்ட் வாளியில் மரவள்ளி நட்டேன். தடி ஊரிலிருந்து வந்தது. முதல் துளிரிலிருந்தே இலை மஞ்சளும் பச்சையுமாகக் கோணி வருகிறது. கடற்காற்றின் உப்பா, பசளைக் குறையா?
(இல்லத்தரசி, வெள்ளவத்தை)

பதில்: இரண்டும் இல்லை. உங்கள் இலையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு விரல்களில் மூன்று விரல்கள் ஒரு பக்கமாகச் சுருங்கி வளைந்திருந்தன. நடுவிரலின் இடப்பாதி மஞ்சள், வலப்பாதி நல்ல பச்சை. உப்பு எரித்திருந்தால் இலையின் ஓரமும் நுனியும் முதலில் கபில நிறமாகியிருக்கும். சத்துக் குறைந்திருந்தால் நடுநரம்பின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி மஞ்சள் விழுந்திருக்கும். இப்படி ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாக விழுவதும், விழுந்த பக்கம் வளராமல் இலை கோணுவதும் வைரஸின் கையெழுத்து. தோலில் தேமல் படர்வது போல் படர்வதால் தேமல் நோய் என்பார்கள். இங்கே மரவள்ளியில் அதை உண்டாக்குவது ‘இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ்’. இதைச் செடிக்குச் செடி சுமப்பது வெண் ஈ. ஆனால் உங்கள் வாளிக்கு ஈ கொண்டுவரவில்லை. ஈ கொண்டுவந்திருந்தால் அடியிலைகள் நன்றாக இருந்து, பிறகு வந்தவைதான் கோணியிருக்கும். முதல் துளிரே கோணியதென்றால் நோய் தடிக்குள்ளேயே இருந்து வந்திருக்கிறது.

கேள்வி: ஒரு நோய்க்கிருமிக்கு நம் நாட்டின் பெயரை வைத்தது அவமானமில்லையா?
(ஓய்வுபெற்ற தபால் அதிபர், கொட்டாஞ்சேனை)

பதில்: இல்லை ஐயா, அது வெறும் முகவரி. இங்கே எடுத்த மரவள்ளியில் இருந்த வைரஸின் டி.என்.ஏ.யை முழுவதும் வாசித்து, இந்திய வைரஸிலிருந்து இது வேறானது என்று 2002 இல் எழுதினார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர்களின் பட்டியலில் சலீம், மாலதி என்று நம் பக்கத்துப் பெயர்களும் உண்டு. முகவரி நம்முடையதாக இருந்தாலும் ஆள் ஓரிடத்தில் இருக்கவில்லை. சவ்வரிசிக்குப் பேர்போன சேலம், நாமக்கல் தோட்டங்களில் இன்று பரவலாக இருப்பதும் இதுதான். 2015 இல் கம்போடியாவில் கண்டார்கள். 2017 இல் வியட்நாம், 2018 இல் தாய்லாந்து. கடலைத் தாண்ட வெண் ஈக்குச் சக்தி கிடையாது. நோய்பட்ட தடிகளை மனிதர்கள் கொண்டு போனால்தான் இவ்வளவு தூரம் போகும். தபால் வேலை பார்த்த உங்களுக்கு இது விளங்கும்: உறைக்குள் என்ன இருக்கிறதென்று பாராமல் அனுப்பிய பொதி அது.

கேள்வி: எங்கள் பாடப்புத்தகத்தில் ‘பரம்பரையலகு’. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளில் ‘மரபணு’. இரண்டும் ஒன்றா அக்கா?
(உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி)

பதில்: ஒன்றுதான் தங்கச்சி. அவர்களுடைய ‘செல்’ உங்கள் ‘கலம்’, அவர்களுடைய ‘நொதி’ உங்கள் ‘நொதியம்’. சோதனையில் புத்தகச் சொல்லை எழுதுங்கள். வாசிக்கும்போது இரண்டையும் உங்கள் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வைரஸ் தொற்றினால் செடியின் பரம்பரையலகுகள் மாறிவிடுமா?
(அதே மாணவியின் வகுப்புத் தோழி, வெள்ளவத்தை)

பதில்: மாறாது. அவற்றின் வெளிப்பாடுதான் மாறும். ஆடிவேல் இரதம் காலி வீதியால் வரும் நாளை நினைத்துப் பாருங்கள். வீதி அதே வீதி, கடைகள் அதே கடைகள். ஆனால் பூக்கடை விடியுமுன் திறந்துவிடும். இரும்புக்கடை கதவை இறக்கிவிடும். தேங்காய் விற்பவர் வழமையைப் போலப் பல மடங்கு சரக்கு இறக்குவார். பஸ் வேறு பாதையால் போகும். மரவள்ளியின் ஒவ்வொரு கலத்திலும் 30,000 க்கு மேற்பட்ட கடைகள் உள்ள ஒரு வீதி இருக்கிறது. எல்லாம் எந்நேரமும் திறந்திருப்பதில்லை. எது திறக்கிறது, எது மூடுகிறது, திறந்தது எவ்வளவு சரக்கு விற்கிறது என்பதற்குத்தான் பரம்பரையலகு வெளிப்பாடு என்று பெயர். வைரஸ் உள்ளே வந்ததும் சில மணி நேரத்துக்குள் அந்த வீதியின் திறப்பும் அடைப்பும் மாறத் தொடங்கும். பாதுகாப்புப் புரதங்களைச் செய்யும் கடைகள் திறக்கும். ஒளித்தொகுப்புக்கு வேண்டியவை பல கதவைச் சாத்தும்.

கேள்வி: ஒளித்தொகுப்பை ஏன் சாத்த வேண்டும்? அதுதானே செடியின் சாப்பாடு?
(கணக்காளர், வெள்ளவத்தை)

பதில்: வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றால் மற்றச் செலவுகளையெல்லாம் நிறுத்துவோமே, அதுதான் ஒரு பாதி. மற்றப் பாதி வைரஸ் செய்யும் சேதம். பச்சையத்தைத் தாங்கும் உறுப்புகளே குலைந்துபோகின்றன. இரண்டும் சேர்ந்துதான் மஞ்சள். ஆனால் தேமல் இலையின் கடும்பச்சைத் திட்டுகளைக் கவனியுங்கள். புகையிலை, வெள்ளரி வகை தேமல் வைரஸ்களில் அந்தப் பச்சைத் தீவுகளை வெட்டி எடுத்துச் சோதித்தபோது, அங்கே வைரஸ் மிகக் குறைவாகவே இருந்தது. தாராளமாக வைரஸ் உள்ள மஞ்சள் கடலின் நடுவே செடி விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கும் நிலம் அது.

கேள்வி: இரத்தம் இல்லை, வெண்குழியங்கள் இல்லை. பிறகு எதைக் கொண்டு எதிர்க்கிறது?
(தாதி, கொட்டாஞ்சேனை)

பதில்: நம் உடலில் காவலர்கள் இரத்தத்தோடு சுற்றி வருவார்கள். செடியில் ஒவ்வொரு கலமும் தன்னைத் தானே காக்க வேண்டும். அதற்கு அது பயன்படுத்துவது எதிரியின் எழுத்தையே.

வைரஸ் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகும். ஆரோக்கியமான கலத்தில் நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ. சாதாரணமாகக் கிடையாது. அதைக் கண்டதும் ‘டைசர்’ என்ற நொதியம் அதை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். அந்தத் துண்டுகளில் ஒன்றை ‘ஆகொனோட்’ என்ற புரதம் கையில் எடுத்துக்கொண்டு, அதே எழுத்துவரிசை உள்ள ஆர்.என்.ஏ. எங்கே இருக்கிறதென்று தேடும். கண்டால் வெட்டும். இதைத்தான் ஆர்.என்.ஏ. அடக்குமுறை என்கிறோம். மரவள்ளி வைரஸ் போல டி.என்.ஏ. உள்ளவற்றுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. அதே துண்டுகள் காட்டிக்கொடுக்க, வைரஸின் டி.என்.ஏ. மீது செடி மெதைல் கூட்டங்களை ஏற்றிப் பூட்டிவிடும். பூட்டிய டி.என்.ஏ.யை வாசிக்க முடியாது.

இந்தத் துண்டுகள் கலத்திலிருந்து கலத்துக்கும், உணவு ஓடும் உரியக் குழாய் வழியே மேலேயும் போகும். வைரஸ் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால், அடுத்த இலை விழித்திருக்கும். எல்லாம் யார் முந்துகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இந்த இதழில் நான் சொல்ல வந்ததும் அதுதான்: செடிக்குத் தெரியாத வித்தை அல்ல இது, அதற்கு வேண்டியது நேரம்.

கேள்வி: வைரஸிடம் எத்தனை கடைகள்?
(அதே தாதியின் மகன், கொட்டாஞ்சேனை)

பதில்: ஏறத்தாழ எட்டு. இரண்டு வட்டங்களாக, ஒவ்வொன்றும் 2,700 எழுத்துச் சொச்சம். டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் இயந்திரம்கூட அதனிடம் இல்லை. அதனால்தான் அது முதலில் செய்வது, வளர்ந்து ஓய்ந்துபோன கலத்தை உசுப்பி, மூடிக் கிடக்கும் அச்சகத்தைத் திறக்க வைப்பது. செடியின் பரம்பரையலகு வெளிப்பாட்டைச் செடி மட்டும் மாற்றுவதில்லை. வைரஸும் தன் வசதிக்கு மாற்றும்.

கேள்வி: அப்படியானால் இது சதுரங்கம் போல. செடியின் நகர்வுக்கு வைரஸின் மறுநகர்வு என்ன?
(சதுரங்க ஆர்வலர், வெள்ளவத்தை)

பதில்: நறுக்கிய துண்டுகளைப் பறிப்பது. நம் இலங்கை வைரஸிடம் ஏ.சி.4 என்ற சிறிய புரதம் உண்டு. செடியின் அடக்குமுறையைத் தளர்த்துவதில் அதற்குப் பலம் அதிகம். இந்திய மரவள்ளி வைரஸில் அந்த வேலையை முன்னின்று செய்வது ஏ.சி.2 என்ற இன்னொரு புரதம். இவற்றின் ஆபிரிக்க உறவுக்கார வைரஸின் ஏ.சி.4, சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று 2005 இல் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், செடி தன் இலையின் வடிவத்தை ஒழுங்குபடுத்துவதும் இதே போன்ற சிறிய ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டுதான். அவையும் சேர்ந்து பிடிபட்டால் வளர்ச்சி தடுமாறும். அந்தப் புரதத்தை மட்டும் ஒரு சிறு ஆய்வுச்செடிக்குள் வைத்தபோது, வைரஸே இல்லாமல் செடி கோணி வளர்ந்தது. வெள்ளவத்தை வாசகியின் இலை ஏன் கோணியது என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

கேள்வி: நோய் பிடித்த செடி தானாகத் தேறுமா? என் அப்பம்மா ‘விட்டுப் பார், தேறும்’ என்பார்.
(ஆசிரியை, கொட்டாஞ்சேனை)

பதில்: அப்பம்மா கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறார். 1928 இல் அமெரிக்காவில் விங்கார்ட் என்பவர், வளையப்புள்ளி வைரஸ் பிடித்த புகையிலையின் அடியிலைகள் புண்ணாகி இருக்க, மேலிலைகள் சுத்தமாக வருவதைக் கண்டு எழுதினார். தேறிய அந்த இலைகளில் மீண்டும் அதே வைரஸைத் தேய்த்தாலும் நோய் வரவில்லை. ஏனென்று விளங்க எழுபது ஆண்டுகள் ஆயின.

மரவள்ளிக்கு அந்தக் காரணத்தைக் காட்டியவர்கள் சென் லூயிஸ் நகரின் டான்ஃபோர்த் ஆய்வு மையத்தில் இருந்த செல்லப்பன், வனிதாராணி, ஃபோகே ஆகியோர். ஆண்டு 2004. பல மரவள்ளி வைரஸ்களை ஒப்பிட்டபோது, சிலவற்றில் செடி தேறியது, சிலவற்றில் தேறவே இல்லை. தேறிய செடிகளில் டைசர் நறுக்கும் அந்தக் குறுந்துண்டுகள் ஏராளம். தேறாதவற்றில் மிகக் குறைவு. தேற விடும் வைரஸ்களில் ஒன்று நம் இலங்கை வைரஸ்! எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த செய்தி இது. ஆனால் தேறுவதென்பது வைரஸ் முற்றாகப் போய்விட்டது என்பதல்ல. அடங்கிப்போய் இருக்கிறது. அந்தச் செடியில் தடி வெட்டி நட்டால் அடக்கம் கலையலாம்.

கேள்வி: கொழும்பு வெயில் செடிக்கு உதவுமா, கெடுக்குமா?
(முச்சக்கரவண்டி ஓட்டுநர், கொட்டாஞ்சேனை)

பதில்: செடியைப் பொறுத்தது அண்ணே. அதே குழு அடுத்த ஆண்டு மரவள்ளியை வைத்துப் பார்த்தது. 25 பாகை செல்சியஸிலிருந்து 30 பாகைக்கு ஏற்றியபோது குறுந்துண்டுகள் கூடின, புது இலைகளில் நோய்க்குறி குறைந்தது. நம்மூர்ப் பகல் வெப்பமே அந்த அளவுதான். புகையிலையிலோ நேரெதிர். புகையிலைத் தேமல் வைரஸைக் கண்டதும் சுற்றியுள்ள கலங்களைத் தானே சாகவிட்டு வைரஸைச் சிறைவைக்கும் ‘என்’ என்ற பரம்பரையலகு, 28 பாகைக்கு மேல் வேலை செய்யாது. ஒரே வெயில் ஒருவருக்குத் துணை, மற்றவருக்குப் பகை.

கேள்வி: செடிக்குக் காய்ச்சல் வருமா?
(ஐந்தாம் வகுப்பு மாணவன், வெள்ளவத்தை)

பதில்: ஒரு வகையில் வரும். 1999 இல் பெல்ஜியம் ஆய்வாளர்கள், வைரஸ் தடவிய புகையிலை இலையை வெப்பப் படக்கருவியால் பார்த்தார்கள். புள்ளி விழப்போகும் இடம், விழுவதற்கு ஏறத்தாழ 8 மணி நேரம் முன்பே 0.3 அல்லது 0.4 பாகை சூடாகிவிட்டது. இலை தன் வாய்களை மூடிக்கொண்டதால் வியர்வை நின்றது, சூடு ஏறியது. அம்மா உன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல அந்தக் கருவி இலையைத் தொடாமலே பார்த்தது.

கேள்வி: காய்ச்சல் என்றால் மாத்திரை? செடிக்கு அஸ்பிரின் கொடுக்கலாமா?
(மருந்துக்கடை ஊழியர், கொட்டாஞ்சேனை)

பதில்: கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1979 இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் நிலையத்தில் வைட் என்பவர் புகையிலை இலைக்கு அஸ்பிரின் ஏற்றினார். பிறகு வைரஸைத் தடவியபோது புண்கள் வெகுவாகக் குறைந்தன. 1990 இல்தான் காரணம் தெளிவாகியது. அஸ்பிரினின் உறவான சலிசிலிக் அமிலத்தைச் செடி தானே சுரக்கிறது, தாக்குதல் வந்ததும் அதன் அளவு ஏறுகிறது, அது ஏறப் பாதுகாப்புப் பரம்பரையலகுகள் திறக்கின்றன.

இன்னும் ஒன்று. 1997 இல், நோய்பட்ட புகையிலை அந்த அமிலத்தை வாசனையாக மாற்றிக் காற்றில் விடுகிறது என்றும், பக்கத்துச் செடி அதை மோந்து தன் பாதுகாப்பைத் திறக்கிறது என்றும் கண்டார்கள். அந்த வாசனை மெதைல் சலிசிலேற். உங்கள் கடையில் மூட்டுவலிக்குப் பூசும் தைலங்கள் பலவற்றில் மூக்கில் ஏறும் மணம் அதுதான். மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். ஆனால் மாத்திரையைக் கரைத்துப் பூச்சாடியில் ஊற்ற வேண்டாம். அளவு மீறினால் இலை கருகும்.

கேள்வி: இந்த ஆர்.என்.ஏ. அடக்குமுறைக்கு நோபல் பரிசு கிடைத்ததே, செடி ஆய்வாளருக்கா?
(நூலகப் பிரியர், வெள்ளவத்தை)

பதில்: இல்லை. 2006 இல் பெற்றவர்கள் ஃபயரும் மெலோவும். 1998 இல் ஒரு சிறு புழுவில் அவர்கள் கண்டது அது. செடியில் முதற்குறி அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1990 இல் பெட்டூனியாப் பூவின் ஊதாவை இன்னும் கடும் ஊதாவாக்க நிறத்துக்கான பரம்பரையலகின் இன்னொரு பிரதியை ஏற்றினார்கள். பூ வெள்ளையாகவும் திட்டுத் திட்டாகவும் பூத்தது. ஏற்றியதும் ஏற்கெனவே இருந்ததும் சேர்ந்து அடங்கிவிட்டன. அந்த அடக்கத்துக்குக் காரணமான குறுந்துண்டுகளை 1999 இல் முதலில் செடியில் கண்டவர்கள் இங்கிலாந்தின் ஹமில்ரனும் போல்கோமும். 2008 இல் லாஸ்கர் பரிசை போல்கோம், அம்ப்ரோஸ், ருவ்கன் மூவரும் பகிர்ந்தார்கள். பின்னைய இருவருக்கும் 2024 இல் நோபல் கிடைத்தது. போல்கோமுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆர்.என்.ஏ. அடக்குமுறையின் வழியில் வந்த முதல் மனித மருந்து 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மருந்தின் கதையில் புழுவோடு ஒரு பூச்செடியும் இருக்கிறது.

கேள்வி: காலிமுகத்திடலில் மரவள்ளிப் பொரியல் வாங்கித் தின்கிறோம். கிழங்கில் வைரஸ் இருந்தால் நமக்குத் தொற்றாதா?
(இரண்டு பிள்ளைகளின் தாய், கொட்டாஞ்சேனை)

பதில்: தொற்றாது, பயமில்லாமல் வாங்கிக் கொடுங்கள். செடி வைரஸ் நம் கலத்துக்குள் நுழைந்து பெருகாது. மிளகாயைத் தாக்கும் ஒரு தேமல் வைரஸ், நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களின் மலத்தில் ஏராளமாக இருப்பதை 2006 இல் கண்டார்கள். உணவோடு உள்ளே போய், அப்படியே வெளியே வருகிறது. தேமல் நோயால் நமக்கு வரும் நட்டம் வேறு. கிழங்கு சிறுக்கும், விளைச்சல் குறையும். பொரியல் பொட்டலத்தின் விலையில்தான் அது நம்மைத் தொடும்.

கேள்வி: நோயே பிடிக்காத மரவள்ளி இல்லையா?
(வீட்டுத்தோட்டக்காரர், வெள்ளவத்தை)

பதில்: உண்டு. மேற்கு ஆபிரிக்கக் கமக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய நாட்டினங்கள் சிலவற்றில் உறுதியான எதிர்ப்பு இருக்கிறது. காரணம் 2022 இல் வெளிவந்தது. செடியின் டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் நொதியத்தில், ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது. வைரஸுக்குச் சொந்த அச்சு இயந்திரம் இல்லை என்று மேலே சொன்னேனே, அது கடன் வாங்கும் இயந்திரம் இதுதான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் எதிர்ப்புள்ள இனங்களை வெளியிட்டிருக்கிறது. பெயர் தெரியாத அந்த ஆபிரிக்கக் கமக்காரர்கள், எந்தச் செடி பச்சையாக நிற்கிறதோ அதில்தான் தடி வெட்டினார்கள். ஆய்வுகூடம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கேள்வி: பப்பாசிக்கு ‘தடுப்பூசி’ போட்ட கதை உண்மையா?
(பழக்கடைக்காரர், வெள்ளவத்தை)

பதில்: ஊசி இல்லை, ஆனால் கதை உண்மை. 1992 இல் ஹவாயின் பூனா பகுதிக்குள் வளையப்புள்ளி வைரஸ் புகுந்து தோட்டங்களை அழித்தது. டெனிஸ் கொன்சால்வெஸும் அவர் குழுவினரும் வைரஸின் மேலுறைக்கான பரம்பரையலகைப் பப்பாசிக்குள் வைத்தார்கள். 1998 இல் விதைகள் கமக்காரர் கைக்குப் போயின. மேலுறைப் புரதம் காக்கும் என்பதுதான் தொடக்க எண்ணம். உண்மையில் காத்தது அந்தக் குறுந்துண்டுகள். எதிரி வருமுன்பே எதிரியின் எழுத்து கையில் இருந்தது. மறுபடியும் அதே பாடம்: செடிக்கு நேரம் கிடைத்தது.

கேள்வி: எங்கள் பின்வளவில் இதரை வாழை, குருத்தெல்லாம் கொத்தாகி நிற்கிறது. குலை வருமா?
(குடும்பத்தலைவர், கொட்டாஞ்சேனை)

பதில்: வராது, வந்தாலும் தேறாது. அது முடிக்கொத்து நோய். இலங்கையில் 1913 இலேயே பதிவான பழைய எதிரி. இதைச் சுமப்பது வாழை அழுக்கணவன். இங்கே செடியை நம்பிக் காத்திருக்க முடியாது. கிழங்கோடு தோண்டி அகற்றுங்கள், பக்கக்கன்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். புதிதாக வைக்க இழைய வளர்ப்புக் கன்று வாங்குங்கள். செடியின் உச்சிநுனி பெரும்பாலும் வைரஸ் இல்லாமல் இருக்கும். 1952 இல் பிரான்சில் மொரெல், மார்ட்டின் இருவரும் டாலியாச் செடியின் நுனியை வெட்டி வளர்த்து நோயற்ற செடி எடுத்தார்கள். நுனி ஏன் சுத்தம் என்பதற்கு 2020 இல் சீன ஆய்வாளர்கள் ஒரு விடை கண்டார்கள். நுனியின் மூலக் கலங்களைப் பேணும் பரம்பரையலகு ஒன்று, வைரஸ் வந்ததும் அந்த இடத்தில் புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறது. புரதம் செய்ய முடியாத இடத்தில் வைரஸ் குடியேற முடியாது.

கேள்வி: மிளகாய் இலை சுருள்கிறது. வைரஸா, பூச்சியா?
(தொடர்மாடிவாசி, வெள்ளவத்தை)

பதில்: இலையைத் திருப்பிப் பாருங்கள். கீழ்நோக்கிக் குடை போல் வளைந்தால் பெரும்பாலும் சிற்றுண்ணி. மேல்நோக்கிப் படகு போல் வளைந்தால் பனிப்பூச்சியாக இருக்கலாம். இலை சிறுத்து, நரம்பு தடித்து, கணு நெருங்கிக் குருத்துக் கொத்தாகி, தட்டினால் வெண் ஈ பறந்தால் வைரஸ். முதலிரண்டுக்கும் மருந்து உண்டு. மூன்றாவதற்கு, செடியை எடுத்துவிடுவதே மற்றச் செடிகளுக்கு நீங்கள் தரும் நேரம்.

கேள்வி: செடி வைரஸைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு எது?
(தமிழ் ஆசிரியர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஒரு கவிதை! 752 ஆம் ஆண்டு ஜப்பானியப் பேரரசி கோக்கென், கோடையிலேயே மஞ்சளாகி நின்ற ஒரு செடியைப் பார்த்துப் பாடினார். ‘மன்யோஷு’ என்ற தொகுப்பில் இருக்கிறது. அந்த மஞ்சளுக்குக் காரணம், நம் மரவள்ளி வைரஸின் அதே குடும்பத்து வைரஸ் என்று 2003 இல் காட்டியவர்களில் ஒருவர் சோண்டர்ஸ். முந்தின ஆண்டு இலங்கை வைரஸின் எழுத்தை வாசித்தவரும் அவரே. வகுப்பில் சொல்லுங்கள் ஐயா: நன்றாகப் பார்த்து எழுதிய வரி 1,250 ஆண்டுகளுக்குப் பிறகும் சாட்சி சொல்லும்.

கேள்வி: முதல் கேள்வியை எழுதியவரின் பக்கத்து வீட்டுக்காரி நான். அவருடைய மரவள்ளியில் எனக்கும் ஒரு தடி தருவதாகச் சொன்னார். வாங்கலாமா?
(இல்லத்தரசி, வெள்ளவத்தை)

பதில்: அவருடைய அன்பை வாங்கிக்கொள்ளுங்கள், தடியை வேண்டாம். நோய்த்தடியில் முளைக்கும் செடி, முதல் இலை விரியுமுன்பே தோற்கத் தொடங்கிவிடுகிறது. வைரஸ் உள்ளே குடியிருக்க, கடைகளைத் திறக்கவும் மூடவும் அதற்கு அவகாசம் எங்கே? சுத்தமான தடியில் வளரும் செடிக்கு வெண் ஈ பின்னொரு நாள் நோயைக் கொண்டுவந்தாலும், அதற்குள் அது வேரூன்றி, கிழங்கு வைத்து, எதிர்க்கும் தெம்போடு நிற்கும். எங்கள் வீட்டு வாளியில் வவுனியாவிலிருந்து மச்சாள் கொண்டுவந்த தடி நிற்கிறது. கொண்டுவருமுன் அவர் அந்தச் செடியின் ஒவ்வொரு இலையையும் பார்த்தார், அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நாம் செலவழிக்கும் அந்தக் கால் மணி, செடிக்குப் பல மாதங்களாகச் சேரும்.

கேள்வி: அம்மா எங்கள் மரவள்ளியைப் பிடுங்கப் போகிறார். இரண்டு மாதம் நன்றாக இருந்து, பிறகுதான் மஞ்சள் வந்தது. இலை எல்லாம் கோணல். நான் வேண்டாம் என்று அழுதேன். காப்பாற்ற முடியுமா?
(மூன்றாம் வகுப்பு மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: அம்மாவிடம் மூன்று கிழமை தவணை கேள், கண்ணா. பக்கத்தில் வேறு மரவள்ளி இல்லையென்றால் தருவார். அதுவரை காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் இலையின் அடிப்பக்கத்தைப் பார். வெண் ஈ இருந்தால் தண்ணீர் தெளித்துக் கழுவு. பழைய கோணல் இலைகளைப் பார்த்து அழாதே. அவை இனி நிமிராது, அவை எழுதி முடிந்த பக்கங்கள். உச்சியில் வரும் புது இலையை மட்டும் பார், வந்த திகதியைக் கொப்பியில் எழுது, அதன் படத்தைக் கீறு. மஞ்சள் திட்டு எத்தனை என்று எண்ணு. ஒவ்வொரு புது இலையிலும் எண்ணிக்கை குறைந்து வந்தால், உன் செடி எதிரியின் எழுத்தை வாசித்துவிட்டது என்று அர்த்தம். அம்மாவிடம் கொப்பியைக் காட்டு. குறையவில்லையென்றால் அம்மா சொன்னபடி செய்வோம், பிறகு நல்ல தடி ஒன்று பார்த்து நடுவோம். எது நடந்தாலும் கொப்பியை எனக்கு அனுப்பு. அடுத்த இதழில் முதல் இடம் உன் புது இலைக்கு.